இட்டுநிரப்பி

பால் பொங்கும் முன் கை அடுப்பைக் குறைத்தது. தேயிலைத்தூள் போட்டது. அரைக்கரண்டி சர்க்கரை. டம்ளரை மேசையின் வலப்பக்கம் வைத்தது. அருளப்பன் குடித்தான். குளித்தான். இஸ்திரி போட்டுத் தொங்கிய சட்டையை மாட்டிக்கொண்டான். இட்லியில் பாதியைத் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்தினான்.

"இதென்ன, கோழி கொத்தினமாதிரி? ஒழுங்காச் சாப்பிடுங்கோ" என்றது கை.

ஜெசிந்தாவின் குரல். ஜெசிந்தா போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். மன்னாரில் அடக்கமும் ஆயிற்று.

நாகப்பட்டினத்தில் இப்போது தொலைக்கை இல்லாத வீடு குறைவு. கூரையில் ஓடும் தண்டவாளத்தில் தொங்கும் இரண்டு உலோகக் கைகள், ஒரு குரல்பெட்டி, அவ்வளவுதான். அதை இயக்குபவர் கடலுக்கு அந்தப் பக்கம், தன் வீட்டில், கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இடையில் கடலடி இழை. மீன் அறுப்பது, துணி தைப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் இப்படித்தான். முக்கரைக் கூட்டு என்ற வணிகக் கூட்டணியில் சேர்ந்த நாடுகள் உழைப்பைச் சரக்கு என்று எழுதிக்கொண்டன. சரக்குக்குச் சுங்கம் கிடையாது. ஆளுக்கு அனுமதி கிடையாது. கூட்டின் வணிகம் கொழித்தது.

ஜெசிந்தா மீன்பதனக் கூடத்தில் கையாக இருந்தவள். தணிக்கைக்குப் போன அருளப்பனுக்கு அங்கேதான் பழக்கம். இரு நாட்டுக்கும் பொதுவான மணல்திட்டில், ஒருநாள் அனுமதியில் கல்யாணம் நடந்தது. மாலையில் அவரவர் படகில் அவரவர் கரைக்குத் திரும்பினார்கள். அவன் வீட்டுக்கு ஒரு தொலைக்கையை வாடகைக்கு எடுத்தான். அன்றிலிருந்து அதுதான் குடித்தனம்.

படகேறி வருகிறவர்கள் நின்றுபோனதால் எல்லைக் காவல் முகமைக்கு வேலை இல்லாமல் போயிற்று. பணம் மட்டும் நிற்கவில்லை. வணிகம் வளர்கிற அளவுக்கு முகமையின் நிதியும் வளரவேண்டும் என்பது உடன்படிக்கை. வந்த பணத்தைச் செலவழிக்க வரம்பு மீறியவர்கள் வேண்டுமே! தொழிற்கூடத்தில் வேலை செய்யும் கை சரக்கு. ஒரே வீட்டில் புழங்கி, வீட்டாரோடு கதை பேசும் கை குடியேறிய ஆள் என்று விதி வந்தது. அந்தக் கரையில் முகமையின் ஒப்பந்த ஆட்கள் வீடு தேடிப் போய், கையுறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, இழையை வெட்டினார்கள். அதோடு அந்த வீட்டிலிருந்து கடல் தாண்டி ஒரு சொல்லும் வராது.

ஆனால் கை நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் வளர்ச்சி குறையும். வளர்ச்சி குறைந்தால் முகமையின் நிதியே குறையும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவன் நிதித்துறையில் இருந்த அருளப்பன். இட்டுநிரப்பி என்றொரு நிரல் முன்பே இருந்தது. இழை கண்ணிமைக்கும் நேரம் தடுமாறினால், இயக்குபவர் அடுத்து என்ன செய்வார், என்ன சொல்வார் என்று பழக்கத்திலிருந்து ஊகித்து அந்த இடைவெளியை அது நிரப்பும். கண்ணிமைக்கும் நேரம் என்ற வரம்பை எடுத்துவிடலாம் என்று அவன் ஒரு வரி எழுதினான். ஆள் போய்விடுவார். கை ஓடும். வாடிக்கையாளருக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த வரிக்காக அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கல்யாணம் ஆனவர்களின் இழையைத் தொடமாட்டோம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அவனும் நம்பினான்.

சாவுச் சேதிக்கு மட்டும் கடல் தாண்டிப் பேச எல்லோருக்கும் அனுமதி உண்டு. அவள் தம்பி யூட் பேசினான்.

"காய்ச்சல் தலைக்கேறிட்டுது அத்தான். அக்கா உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தவா. கிடைக்கேல்ல. என்னோட கோவமாக்கும் எண்டு சொன்னவா."

"என்னடா சொல்றே? தினமும் பேசிக்கிட்டுதானே இருந்தோம்?"

"ஆரோட, அத்தான்?"

சேதி வந்ததற்கு முந்தின நாள் அருளப்பன் தலைவலி என்று படுத்திருந்தான். கை அவன் நெற்றியில் அமர்ந்தது. "நான் எங்கயும் போகேல்லப்பா. இஞ்சதான் நிக்கிறன்" என்றது. அதைத்தான் அவளுடைய கடைசிச் சொல்லாக அவன் வைத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன் எப்படியோ எழுந்து உட்கார்ந்து சொல்லியிருப்பாள். இருக்கலாம். இழை எப்போது அறுந்தது என்று யூட்டிடம் கேட்குமுன் பேச்சு நேரம் முடிந்துவிட்டது. அது தெரிந்தால் போதும். அந்தச் சொல் அவளுடையதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு வந்த அன்று, முகமையின் நிதி மேலாளர் மங்கையர்க்கரசி கூடுதல் ஒதுக்கீடு கேட்டு அவன் அறைக்கு வந்தார். கையில் முறுக்குப் பொட்டலம்.

"என்னப்பா அருள், பட்ஜெட் மாசம் வந்தா உன் மூஞ்சி கடன்காரனைப் பாத்த மாதிரி ஆயிடுது. எடுத்துக்க."

"வேணாம் மேடம்."

"உன் ஒரு வரிதான்ப்பா எங்களுக்குச் சோறு போடுது. எத்தனை இழை வெட்டியிருக்கோம், ஒரு புகார் உண்டா? ஒரே ஒரு பெரியவர் எழுதியிருந்தாரு. இப்பெல்லாம் ரொம்ப மரியாதையாப் பேசுது, நன்றின்னு!" அவர் சிரித்ததில் முறுக்குத் தூள் கோப்பின்மேல் சிந்தியது.

"ஒரு இழை எப்ப வெட்டினதுன்னு பாக்கணும் மேடம்."

"யாரோடது?"

"என் வீட்டுது."

அவர் முறுக்கைக் கீழே வைத்தார். பதிவைத் தன் பலகையில் தேடினார்.

"போன வருஷம் மார்ச்சு கடைசி வாரம்ப்பா."

"மார்ச்சா?"

"ஒதுக்கின பணம் மார்ச்சுக்குள்ள செலவாகலேன்னா திரும்பிப் போயிடும். உனக்குத் தெரியாததா? பட்டியல்ல இருந்ததையெல்லாம் வெட்டச் சொல்லிட்டாங்க. கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்கன்னு யாரு பாத்தா? எனக்குச் சத்தியமாத் தெரியாதுப்பா."

"பேச்சுப் பதிவைப் பாக்கணும்."

"வேணாம் அருள். சொன்னாக் கேளு."

"பாக்கணும்."

"இந்தக் கோப்பு நிலுவையில இருக்கிற வரைக்கும் நிதித்துறைக்கு நான் எதையும் திறந்து காட்டக்கூடாது. விதி."

அருளப்பன் கூடுதல் ஒதுக்கீட்டுக் கோப்பின்மேல் விரலை வைத்தான். திரை பச்சையானது. அடுத்த ஆண்டு வெட்டப்போகும் இழைகளுக்குப் பணம் கிடைத்துவிட்டது. மங்கையர்க்கரசி பலகையை அவன் பக்கம் திருப்பிவிட்டு வெளியே போனார். பொட்டலத்தை மறந்துவிட்டுப் போனார்.

ஆள் பேசியது கறுப்பெழுத்து. நிரப்பி பேசியது சாம்பல். அவன் கடைசியிலிருந்து பின்னோக்கி நகர்த்தினான்.

நெற்றியில் கைவைத்துச் சொன்னது சாம்பல். வேளாங்கண்ணித் திருவிழாவில் தன் பேரில் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொன்னது சாம்பல். அவன் பிறந்தநாளுக்குப் பாடிய பாட்டு, நடுவில் சிரிப்பு வந்து நிறுத்தியது உட்பட, சாம்பல். மாங்காய் ஊறுகாய்க்கு உப்புப் பக்குவம் சொன்னது சாம்பல். அந்த மார்ச்சுக்குப் பிறகு அவர்களுக்குள் சண்டையே வரவில்லை. ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டுவிட்டோம் என்று அவன் நினைத்திருந்தான். சண்டை போடும் கையின் வாடகையை வாடிக்கையாளர்கள் நிறுத்திவிடுகிறார்கள் என்று நிரப்பி கற்றிருந்தது.

மார்ச்சு வந்தது. ஒரு காலை. சாம்பலில் முதல் வரி: "கோவமெல்லாம் ஒண்டுமில்லையப்பா. நீங்கள் வேலையப் பாருங்கோ."

அது அவனுக்கு நினைவிருந்தது. நிம்மதியாக அலுவலகம் போன நாள்.

அதற்கு மேலே கறுப்பு. சண்டைதான். எப்போது படகேறி எங்கள் கரைக்கு வந்து சேரப்போகிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். பட்ஜெட் முடியட்டும் என்று அவன் சொல்லியிருக்கிறான். போன வருசமும் இதைத்தான் சொன்னீங்கள் என்று அவள் கத்தியிருக்கிறாள். சரி, வேலையை விட்டுவிட்டு வருகிறேன், வந்தால் உன் கோபம் போய்விடுமா என்று அவன் கேட்டிருக்கிறான்.

கறுப்பில் இன்னும் ஒரு வரிதான் இருந்தது. அவன் ஒலியைத் திறந்தான்.

"பொறுங்கோப்பா, கேற்றடியில ஆரோ நிக்கினம். பாத்திட்டு வந்து சொல்லுறன்."