முறுக்கி உடைந்த கை

பேஸ்பால் என்றால் உயிரைவிடும் கடலோர ஊரான சான் பெத்ரோவில் எலும்பு வைத்தியம் பார்த்த சுனில்டாவின் அறைக்குள், மீன்காரி ஒதிலியா கூடையைக்கூட இறக்காமல் நுழைந்தாள்.

“டாக்டரம்மா, என் பையன் எலிசேயோவை போலீஸ் பிடிச்சு வச்சிருக்கு. தூங்கிட்டிருந்த அனேலோட கையை பேஸ்பால் மட்டையால அடிச்சு உடைச்சானாம். பொறாமையாம்! ரெண்டும் ஒண்ணா விளையாடி, ஒரே தட்டுல திங்கிற பயலுகம்மா.”

அனேல், ஊரே நம்பியிருந்த பந்து வீச்சாளன். அவனைத் தங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று பார்க்க, அடுத்த வாரம் அமெரிக்க அணியின் ஆள் வருவதாக இருந்தது. இப்போது பக்கத்து வார்டில் கிடந்தான்.

“பொறாமைதான் டாக்டர், சந்தேகமே இல்ல,” என்றான் எக்ஸ்ரே எடுக்கும் வாஸ்கர். துப்பறிவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

“தீர்ப்பு சொல்லிட்டியா? சரி, படத்தை எடுத்துட்டு வா.”

அனேலின் கட்டிலருகே பயிற்சியாளர் ஃபௌஸ்தோ நின்றிருந்தார். சுனில்டா வலது மேல்கையை மெல்லத் திருப்பிப் பார்த்தார். நல்ல வீக்கம், ஆனால் மட்டை பட்ட தடம் எங்கும் இல்லை. விரல் நுனிகளில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

“காலையில பந்து வீசினியாப்பா?”

அனேல் ஃபௌஸ்தோவைப் பார்த்தான். “இல்ல டாக்டர். தூங்கிட்டிருந்தேன்.”

“இன்னிக்கு அவனுக்கு ஓய்வு,” என்றார் ஃபௌஸ்தோ.

சுனில்டா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “வாஸ்கர், மட்டையால அடிச்சா எலும்பு எப்படி முறியும்?”

“குறுக்கால.”

“இது?”

“சுருள் சுருளா... ஈரத்துணியைப் பிழிஞ்ச மாதிரி. ஐயோ, யாரோ முறுக்கியிருக்காங்க!”

“ஆமா. அவனேதான். வேகமா வீசும்போது மேல்கை எலும்பு முறுக்கிக்கும். அளவு மீறினா இப்படித்தான் உடையும். விரல்ல இருக்கிறது பந்து வழுக்காம இருக்கத் தடவுற பிசின் பொடி. தூங்கப் போறவன் அதைத் தடவிக்குவானா?”

“அப்ப எதுக்குப் பொய்?”

“வீசி உடைஞ்ச கைன்னா அணிக்காரங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க. எவனோ அடிச்ச கைன்னா, ஆறட்டும்னு காத்திருப்பாங்க. அதானே ஃபௌஸ்தோ?”

“பையனோட வாழ்க்கைம்மா!”

“இன்னொரு பையனோட வாழ்க்கை லாக்கப்ல இருக்கு.”

அனேல் உடைந்தான். “வலிக்குதுன்னு சொன்னேன் டாக்டர். இன்னும் வேகமா வீசுன்னாரு. எலிசேயோ பேரைச் சொன்னதும் அவருதான்... நான் வாயை மூடிட்டு இருந்துட்டேன்.”

“இப்பத் திற. போலீஸ்கிட்டச் சொல்லு. இந்த எலும்பு கூடும், அவசரப்படாம இருந்தா மறுபடியும் வீசலாம். அணிக்காரர்கிட்ட அதை நானே சொல்றேன்.”

சாயங்காலம் எலிசேயோ வார்டுக்குள் வந்து நின்றான். அனேல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“டேய், உன் பந்தையே இதுவரைக்கும் நான் அடிச்சதில்ல. உன்னை எங்கடா அடிக்கிறது? பொய் சொன்னா நம்புற மாதிரி சொல்ல வேணாமா?”

ஒதிலியா ஒரே தட்டில் சோறும் பொரித்த மீனும் வைத்தாள். அனேலின் வலக்கையில் மாவுக்கட்டு போட்டிருந்தது. எலிசேயோ மீனின் முள்ளை எடுத்துவிட்டு, முதல் கரண்டியை அவன் வாயருகே நீட்டினான்.