எதிர்வீட்டுச் சாவி

சாவியில் சோப்பு வாசனை அடித்தது.

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய எதிர்வீட்டுச் சாவியை அவள் தூசி தட்டத்தான் எடுத்தாள். கையில் வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனாள். எலுமிச்சை சோப்பு. சாவியை யார் குளிப்பாட்டியது என்று முதலில் சிரிப்புக்கூட வந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நான்காவது மாடியில் எதிரெதிராக இரண்டே வீடுகள். மகன் கைப்பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் காற்றில் கதவு சாத்திக்கொண்டு, பிள்ளை உள்ளேயும் இவள் வெளியேயுமாக மாட்டிக்கொண்டார்கள். பூட்டை உடைக்க ஆள் வரும்வரை எதிர்வீட்டு டீச்சரக்கா தரையில் படுத்து, கதவிடுக்கில் வாயை வைத்துப் பாடிக்கொண்டே இருந்தாள். உள்ளே அழுகை அடங்கியது. அன்றிலிருந்து இவள் வீட்டுச் சாவி அங்கே, அவள் வீட்டுச் சாவி இங்கே. டீச்சரக்கா கும்பிடும் சாமி வேறு என்பது அப்போது யாருக்கும் ஞாபகமே இல்லை.

இப்போது எல்லோருக்கும் அது ஒன்றுதான் ஞாபகம். அவர்கள் ஆட்கள் இவர்கள் தொழும் இடத்தைக் கொளுத்த, இவர்கள் ஆட்கள் அவர்கள் கடைத்தெருவைக் கொளுத்த, இருட்டினால் ஊரடங்கு. நாடு இரண்டாகப் பிளந்து அடித்துக்கொள்ளப் போகிறது என்று பேசாத வாய் இல்லை. இவர்களோடு தங்கியிருந்த கொழுந்தன் இரும்புக் கடையில் வேலை பார்ப்பவன். தினம் ஒரு சேதி கொண்டுவருவான்.

"அண்ணி, அவங்க ஆளுங்க நம்ம வீட்டுச் சாவியெல்லாம் சேக்குறாங்களாம். பாத்து இருந்துக்குங்க."

நேற்றுத்தான் டீச்சரக்கா வாசலில் வந்து நின்றாள். எப்போதும் சமையலறைவரை வருகிறவள், வாசலோடு நின்றுவிட்டாள்.

"தங்கச்சி, என் சாவியக் குடுத்துடேன். ஒண்ணுமில்ல, சும்மாதான்."

இவளுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் என் சாவியை ஏன் கொண்டுவரவில்லை?

"எங்க வச்சேன்னு தெரியலக்கா. தேடித் தரேன்."

வாய் கூசாமல் சொன்னாள். டீச்சரக்கா தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆக, இது அவள் வேலைதான். ஆளில்லாத நேரத்தில் நம் கதவைத் திறந்து உள்ளே வந்திருக்கிறாள். வந்து சாவியைத் தொட்டிருக்கிறாள். ஏன் எடுத்துப் போகவில்லை? வேறு எதைத் தொட்டாள்? இவள் தன் பிள்ளையின் பால் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். எதுவும் குறையவில்லை, எதுவும் கூடவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது.

பொழுது சாய்ந்ததும் தெரு வாயடைத்துப்போனது. எங்கோ ரப்பர் எரியும் நாற்றம் ஜன்னல் வழியாக வந்து திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டது. எதிர்வீட்டிலிருந்து முணுமுணுப்பு கேட்டது. டீச்சரக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும்தான் அங்கே. பிரார்த்தனையா, திட்டம் போடுகிறார்களா? அந்தச் சாமியோடு அவர்கள் பேசும் பேச்சு இவளுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை புரிந்ததில்லை. முன்பெல்லாம் அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை.

புருஷன் சாப்பிட உட்கார்ந்தான். அந்தக் கட்டடத்துக்கே எலக்ட்ரீஷியன். பல்பு மினுக்கினாலே சோற்றுக் கையோடு எழுந்து ஓடுகிற மனுஷன்.

"சீக்கிரம் வேலைய முடி," என்றான் தட்டைப் பார்த்தபடி. "கரண்டு போயிடும்."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

அவன் சோற்றைப் பிசைந்தான். கொழுந்தனின் தட்டு கவிழ்த்தபடியே இருந்தது.

"தம்பி எங்க?"

"வருவான்."

அவள் முகம் கழுவக் குளியலறைக்குப் போனாள். சோப்பை எடுத்தாள். எலுமிச்சை வாசனை. அடிப்பக்கம் விரலுக்கு என்னவோ பள்ளமாகத் தட்டுப்பட்டது. திருப்பினாள்.

பல் பல்லாக ஓர் அச்சு.

முந்தானையில் முடிந்திருந்த சாவியை எடுத்து அதில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

தன் வீட்டுச் சோப்பு. தன் வீட்டுக் குளியலறை. வெளியிலிருந்து யாரும் வரவே இல்லை. இரும்புக் கடையில் சாவி வெட்டுகிற மெஷின் இருக்கிறது.

விளக்கு அணைந்தது.

இருட்டில் தடவித் தடவிக் கூடத்துக்கு வந்தாள். புருஷன் எழுந்திருக்கவில்லை. சோறு மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே மற்ற மாடிகளின் வெளிச்சம் தெரிந்தது. இந்த மாடியில் மட்டும்தான் இருட்டு.

படிக்கட்டில் காலடிகள். நிறைய. யாரும் பேசவில்லை.

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"தொறக்காத," என்றான் புருஷன், மெதுவாக. "நமக்கும் ஒரு பிள்ள இருக்கு."

கை அங்கேயே நின்றது. கத்த வேண்டும் என்று நினைத்தாள். கதவின் துவாரத்தில் கண்ணை வைத்தாள். செல்போன் வெளிச்சம் ஒன்று. முதுகுகள். ஒரு கை எதிர்க்கதவின் பூட்டில் எதையோ நுழைத்தது. புதுச் சாவி பளபளத்தது. பழைய சாவி இவள் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

பூட்டு திரும்பியது.

உள்ளே முணுமுணுப்பு நின்றது. பிறகு டீச்சரக்காவின் குரல். மூச்சு வந்த நிம்மதி அதில் இருந்தது.

"தங்கச்சி, நீயா? சாவி கெடச்சுதா? இருட்டுல எங்கயும் இடிச்சுக்காத. இரு, மெழுகுவத்தி ஏத்துறேன்."

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசி ஆள் வாசலில் தயங்கினான். கொழுந்தன். அந்த வீட்டில்தான் அவன் பத்தாவது வரை கணக்குப் படித்தான். பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றினான். காலால் நகர்த்தி ஓரமாகச் சேர்த்து வைத்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

கதவிடுக்கில் மெழுகுவத்தி வெளிச்சம் ஒரு கீற்றாக விழுந்தது, அந்தச் செருப்புகள்மேல். பிறகு அதுவும் அணைந்தது.