பின்சீட்டில் அழாத குழந்தை

அன்று காரில் குழந்தை அழவில்லை.

குழந்தைகள் காப்பக வாசலில் பெல்ட்டை மாட்டியதுமே வீல் என்று தொடங்கி, வீட்டு வாசலில் அவிழ்க்கும்வரை தொண்டை கிழியக் கத்துகிற எட்டு மாதப் பெண் குழந்தை அது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகல் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு வண்டியும் ஓட்டுகிற அவளுக்கு அந்த அழுகை நரம்பில் ஊசியாக இறங்கும். பக்கத்துச் சீட்டில் இருக்கும் புருஷனுக்கு எங்கும் இறங்காது. பின்னால் உட்கார்ந்து பிள்ளையைப் பாருங்கள் என்றால் தலை சுற்றுமாம். போனைப் பார்த்துக்கொண்டே வந்தால் மட்டும் சுற்றாது.

அவர் கண்டுபிடித்த வழிதான் அந்தத் துணி ஆக்டோபஸ். அக்கா சொன்னாளென்று முந்தின நாள் வாங்கி வந்து, பின்சீட்டில் பொருத்திய குழந்தை இருக்கையில் பின்னோக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்துக்கு நேரே, பின்சீட்டு ஹெட்ரெஸ்டில் கட்டியிருந்தார். ஒரு காலில் மணி, ஒன்றில் கடிக்க ரப்பர் வளையம், இன்னொன்றைக் கசக்கினால் உள்ளே காகிதம்போலச் சரசரக்கும். வயிற்றில் ஒரு உடையாத கண்ணாடி. தலைக்கு மேலிருந்த கண்ணாடியை அவள் நிமிர்ந்து பார்த்தால், அந்த வயிற்றுக் கண்ணாடியில் பிள்ளையின் முகம் தெரியும். பயணத்தில் குழந்தையின் கண்ணும் காதும் கையும் மூளையும் சேர்ந்து வளருமென்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. அப்பா செய்ய வேண்டியதையெல்லாம் இனி துணி செய்யும் என்று அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

"பாத்தியா? கப்சிப்னு வருது. வாங்கினப்போ மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டியே" என்றார், போனிலிருந்து தலை நிமிராமல்.

மழை கட்டிக்கொண்டு மாலை சீக்கிரமே இருட்டியிருந்தது. ஏற்றிவிட்ட ஜன்னல்களுக்குள் புளித்த பால் வாசனையும் புதுத்துணி வாசனையும் கலந்து நிற்க, பின்னாலிருந்து மணி கிணுங்கியது, நின்றது, துணி சரசரத்தது, மணி மறுபடி கிணுங்கியது. சிக்னலில் வண்டி நின்றது. எஞ்சினும் அடங்கியது. மணி அடங்கவில்லை.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். குழந்தையின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. இமை கொட்டவில்லை.

"அதை யாரு ஆட்டுறா?"

"வண்டி ஆடுதுல்ல."

"வண்டி நிக்குது."

அவர் கட்டைவிரல் போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"ஒரு தடவை திரும்பிப் பாருங்க. பிள்ளை கண்ணே சிமிட்டல."

"அழுதாலும் குத்தம், அழலைன்னாலும் குத்தம். உனக்கு என்னதான் வேணும்?"

கழுத்தைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும் இந்த மனுஷனுக்கு? சிக்னல் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினாள். பின்கதவைத் திறந்து முடிச்சைப் பிடித்து இழுத்தாள். பொம்மை வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தையின் கன்னம் சில்லிட்டிருந்தது. பிய்த்தெடுத்து, சாலையோரக் குப்பைத்தொட்டியில் கை வலிக்க வீசினாள்.

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா. பிடிக்க வச்சது நீங்கதான்."

கதவை அறைந்து சாத்திவிட்டு வண்டியை எடுத்தாள். இனி அழும். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அழுகைக்கு ஏங்கினாள். அழு கண்ணு. ஊரே கேட்க அழு. கண்ணாடியில் இப்போது வெறும் ஹெட்ரெஸ்ட்தான் தெரிந்தது. முதல் மழைத்துளிகள் கூரையில் தட்டின. வைப்பரின் கீச்சொலிக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினாள்.

அழவில்லை.

சிரித்தது.

ஒளிந்து விளையாடும்போது சிரிக்கிற சிரிப்பு. ஒரு நொடி காத்திருக்கும். பிறகு கலகலவென்று கொட்டும். மறுபடி காத்திருக்கும்.

"கேக்குதா?"

"சிரிக்குது. விடேன்."

சரசர.

பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்டு விலகிப் போனான். இறங்கினாள். மழை. பின்கதவைத் திறந்தாள்.

குழந்தை ஹெட்ரெஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றுமில்லை. அறுந்த நாடாகூட இல்லை.

பிறகு அதன் கண்கள் நகர்ந்தன. மெதுவாக. சீட்டின் மேலாக. கதவோரமாக. அவளைத் தொட்டன, நிற்கவில்லை. அவள் தோளைக் கடந்தன. தலையைக் கடந்தன. மேலே. இன்னும் மேலே. தாடை நிமிர்ந்து, கழுத்து பின்னால் சாயும்வரை.

அவள் முதுகில் மழை நின்றுவிட்டது. சுற்றிலும் பெய்துகொண்டுதான் இருந்தது.

"என்னங்க." திரும்பாமலே கூப்பிட்டாள். "என்னங்க... ஒரே ஒரு தடவை. இந்தப் பக்கம் பாருங்க."

போன் வெளிச்சத்தில் குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது.

"அதான் அழலையே. வண்டிய எடு."

குழந்தை பொக்கை வாய் விரியச் சிரித்தது. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது. அவளிடம் அல்ல. அவள் தலைக்கு மேலே. அவள் பின்னால், மிக உயரத்திலிருந்து, ஏதோ ஒன்று சரசரவென்று குனியத் தொடங்கியது.