தூளிக்கயிற்று எறும்புகள்

தூளிக்கயிற்றில் எறும்புச் சாரை. செண்டி துடைத்துவிட்டாள், அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் வந்துவிட்டது. எல்லாமே கூரையிலிருந்து தூளிக்குள் இறங்கின. திரும்பி ஏறுகிற எறும்பு ஒன்றுகூட இல்லை. எட்டிப் பார்த்தாள். லின்சா வாயை மூடித் தூங்கினான். துணியில் எறும்பே காணோம்.

வாசலில் அவள் புருஷன் மங்காட் விடிந்ததிலிருந்து சேகண்டி அடித்துக்கொண்டிருந்தான். ஒரே கூரையடியில் வரிசையாய்க் குடியிருந்த நீளவீட்டின் மற்றக் குடும்பங்கள் பயந்துபோய் நேற்றே படகேறிவிட்டன.

பயப்படாமல் என்ன செய்வார்கள்? காடு வெட்டப் போகும்போது கெத்துப்பொங் 'கிக் கிக்' என்று கத்தினால் கத்தியைப் போட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டும். மரப்பட்டையில் எறும்பு கொத்தித் தின்கிற குருவிதான். ஆனாலும் அதன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கல்யாண ஊர்வலத்தில் மட்டும் அதன் குரல் காதில் விழாதபடி சேகண்டி அடிப்பார்கள். மங்காட் அந்தச் சாமர்த்தியத்தைக் காட்டுக்குக் கொண்டுபோனான். தம்பியைச் சேகண்டி அடிக்கவைத்து மரத்தைச் சாய்த்தான். பொந்துக்குள் அதன் குஞ்சுகள் நசுங்கிக் கிடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னான், பாவி!

"லின்சா அப்பா, நிறுத்து அந்தச் சனியனை!"

"நிறுத்தினா அது கத்துறது கேக்கும்டி."

"கேக்கட்டும்! ஊரே அடங்கி நின்னு கேக்குற குரல், தொரைக்கு மட்டும் ஆகாதோ? காட்டோட வாயையே அடைக்கப் போன பெரிய மனுஷன்!"

"கத்தாதே. புள்ள தூங்குறான்."

"இந்த இரைச்சல்ல எந்தப் புள்ளடா தூங்கும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பாய்ந்து சேகண்டிக் கட்டையைப் பிடுங்கினாள்.

வெண்கல அதிர்வு மெல்ல மெல்ல அடங்க, கூரையில் மழைநீர் சொட்டுகிற சத்தமும் வெட்டிய மரத்துப் பாலின் புளித்த நாற்றமும் அறைக்குள் நிறைந்தன.

கிக்.

வெளியே இல்லை. கூரையில் இல்லை.

கிக். கிக்.

தூளித்துணியை விலக்கினாள்.

லின்சா விழித்திருந்தான். வாய் திறந்திருந்தது. நூல்போல் மெலிந்த நாக்கு நீண்டு கயிற்றைத் தொட்டது. ஓர் எறும்பு. உள்ளே போனது. இன்னொன்று.

அவளைப் பார்த்தான். அவள் பெற்ற பிள்ளையின் கண்கள்தான்.

கிக்.

"லின்சா! ஐயோ, என் தங்கமே!"

"அடிடி!" மங்காட் அலறினான். "கேக்காதே, அடி!"

செண்டி வாசலுக்கு ஓடி அடித்தாள். அவனைத் திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே, கை விட்டுப்போகிற மட்டும் அடித்தாள். இப்போது வேறெதுவும் கேட்கவில்லை.

தூளிக்குள் சின்ன வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. எறும்புகள் இறங்கிக்கொண்டே இருந்தன.