கடிதத்தில் புகுந்த கழுதை

கீபோர்டில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஓர் எழுத்துகூட வரவில்லை.

"இன்னொரு தடவை அடிச்சுப் பாரு," என்றாள் அம்மா.

வாலு அடித்துப் பார்த்தாள். வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். பள்ளியில் வேறு பெயர் உண்டு. ஆனால் அங்கேயும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இன்னும் சற்று நேரத்தில் அம்மாவுக்கு இணையத்தில் தட்டச்சுத் தேர்வு. வீட்டிலிருந்தே தமிழில் தட்டச்சு செய்து தர ஒரு பதிப்பகம் ஆள் தேடிக்கொண்டிருந்தது. அந்த வேலைக்காக அம்மா ராப்பகலாகப் பழகியிருந்தாள். நேற்றுப் பார்த்து, தம்பிப் பாப்பா அவளுடைய மேக் மடிக்கணினி மேல் பாலைக் கொட்டிவிட்டான். கணினி எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் எழுத்துகளில் பாதி அழுத்தினால் இறங்கவில்லை. இறங்கியவை திரும்ப ஏறவில்லை.

அதனால்தான் அம்மா ரிப்பேர் கடைக்கு ஓடிப்போய், கம்பியில்லாத பழைய கீபோர்டு ஒன்றை வாங்கி வந்திருந்தாள்.

"கடையில வேலை செஞ்சுதாம்மா?"

"விளக்கு எரியுது பாருங்கன்னு சொன்னார்."

"விளக்கு எரிஞ்சா போதுமா? நம்ம ஃபிரிட்ஜிலகூடத்தான் எரியுது!"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைக்காரருக்குப் போன் செய்ய அடுத்த அறைக்குப் போனாள். அவர் எடுக்கவில்லை. அம்மா மறுபடியும் மறுபடியும் எண்களை அழுத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா சொல்லிக்கொடுத்த முறையில் 'வா' என்று அடித்தாள். வரவில்லை. 'வா வா' என்று கெஞ்சினாள். அதற்கும் வரவில்லை. கடைசியில் கோபம் வந்து, 'கழுதை கழுதை கழுதை' என்று படபடவென்று அடித்தாள்.

மாடியில் யாரோ "ஐயோ!" என்று அலறினார்கள்.

மாடி அத்தைதான். சொந்த அத்தை இல்லை, மேல் வீட்டில் தனியாக இருப்பவர். படியில் யாராவது ஓடினால் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து தபால்காரர்கூட அங்கே பூனை மாதிரிதான் நடப்பார்.

செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கி வந்தது. வாசலில் வந்து நின்ற அத்தையின் முகம் வெளிறியிருந்தது. அம்மாவும் போனும் கையுமாக அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏம்மா, என் கம்ப்யூட்டர்ல பேய் பூந்துடுச்சு! சம்பந்தி அம்மாவுக்கு லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கேன். 'உங்க உடம்பு எப்படி இருக்கு'ன்னு அடிக்கிறேன். அதுக்குக் கீழ தானாவே 'வா வா வா'ன்னு வருது, அப்புறம் 'கழுதை கழுதை கழுதை'ன்னு வருது! நல்லவேளை, இன்னும் அனுப்பல. ரொம்ப நாள் மனஸ்தாபம். இப்பத்தான் பேச்சே ஆரம்பிச்சிருக்கு!"

வாலு கீபோர்டிலிருந்து சட்டென்று கையை எடுத்தாள்.

சொன்னால் அத்தை சும்மா விடமாட்டார். சொல்லாவிட்டால் கீபோர்டு மேல் வீட்டிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அம்மாவின் தேர்வு போய்விடும்.

"அத்தை," என்றாள் மெதுவாக. "அந்தப் பேய் நான்தான்."

"என்னடி உளறுற?" என்றாள் அம்மா.

"நீங்க மேல போய் உங்க திரையைப் பாருங்க அத்தை. நான் இங்கேயிருந்து அடிக்கிறேன்."

அத்தை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போனார். வாலு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

'மன்னிச்சிடுங்க அத்தை. உங்களைச் சொல்லல. கீபோர்டைத்தான் சொன்னேன்.'

வாலு நகத்தைக் கடித்தாள். பிறகு மேலேயிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. அது அத்தையின் சிரிப்பு என்று புரிய இருவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

வாலு மேலே ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது என்னோட பழைய கீபோர்டுடி! புதுசு வாங்கினப்போ அதைக் கடையில குடுத்துட்டேன்."

"உங்க கம்ப்யூட்டர் இன்னும் அதை ஞாபகம் வச்சிருக்கு அத்தை. அதான் விளக்கு எரிஞ்சதும் இங்க ஓடி வந்துடுது."

"பிறந்த வீட்டை மறக்காத பொண்ணு!" என்றார் அத்தை.

புளூடூத் பட்டியலைத் திறந்தார்கள். அதில் இரண்டு கீபோர்டுகள் இருந்தன. இரண்டும் இணைந்திருப்பதாகக் காட்டியது. எது பழையது? தப்பானதை நீக்கினால் அத்தையும் எழுத முடியாமல் போய்விடும்.

"சீக்கிரம்டி, நேரமாகுது!" என்று கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

வாலு ஒரு கணம் யோசித்தாள். "அம்மா, அந்தக் கீபோர்டை அணைச்சுடு!"

பட்டியலில் ஒரு பெயருக்குக் கீழே 'இணைப்பு இல்லை' என்று மாறியது.

"இதுதான் அத்தை. இதை மறந்துடச் சொல்லுங்க."

"நான் எதையும் அவ்வளவு லேசுல மறக்கிறவ இல்ல. உனக்காக மறக்கிறேன்," என்று அத்தை 'மறந்துவிடு' பொத்தானை அழுத்தினார்.

வாலு படிகளில் தாவி இறங்கினாள். இந்த முறை மேல் கதவு திறக்கவில்லை. அம்மா கீபோர்டை மறுபடியும் போட்டாள். அவளுடைய பட்டியலில் அதன் பெயர் தெரிந்தது. 'இணை' என்பதை அழுத்திவிட்டு, ஒற்றை விரலால் 'அ' அடித்தாள்.

திரையில் 'அ' வந்தது.

அம்மா அழுவதா சிரிப்பதா என்று முடிவு செய்வதற்குள் தேர்வு தொடங்கிவிட்டது. அவள் விரல்கள் பறந்தன. வாலு தம்பியின் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு, மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் நின்றாள்.

கடைசி வரி முடிந்தது. திரை வெறுமையாக இருந்தது. கொஞ்ச நேரம் எதுவுமே வரவில்லை. பிறகு, 'வாழ்த்துகள். நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்' என்று வந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா!" மாடியிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன், இங்க ஒரு எழுத்துகூட வரல. அங்க வந்துச்சா?"

"வந்துடுச்சு அத்தை!" என்று மேல் வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள் வாலு. "வேலையே வந்துடுச்சு!"