சளி டப்பாவும் சாரல் மழையும்

மழைக்கு ஒதுங்கிய பேருந்து நிறுத்தத்தில் அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்... சாதாரணப் பார்வை இல்லை. நெஞ்சுக்கூடு வரை ஊடுருவும் பார்வை.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அவன். நாள் முழுக்க அடுத்தவர் கண்களைப் பார்த்தே பிழைப்பவன். ஆனாலும் இப்படி அகன்று, சாரலில் நனைந்து, தன்னை விட்டு நகராத கண்களை அவன் கண்டதில்லை. மடியில் ஓர் ஐஸ்பெட்டியைக் கைக்குழந்தை போல அணைத்திருந்தாள். அவன் ஓர் அடி நெருங்கினான். இருமினான். அவள் முகம் மலர்ந்தது.

"எத்தனை நாளா?"

'பார்த்த நொடியிலிருந்து' என்று சொல்ல வாயெடுத்தான்.

"இருமலைக் கேட்டேங்க."

"மூணு வாரமா... சும்மா தூசிதான்."

"சளி வருதா? வீடு எந்தப் பக்கம்?"

"மேட்டுத் தெரு."

"மேட்டுத் தெருவா..." கனவில் பேசுவது போலச் சொன்னாள். "அங்கேயிருந்து மட்டும் எனக்கு ஒரு சளிகூட வரலைங்க."

காசநோய்க் கிருமிக்கும் வம்சாவளி உண்டாம். எந்த வம்சம் எந்த ஊரில் குடியேறியிருக்கிறது என்று மரபணுவைப் பார்த்து வரைபடம் போடுவது அவள் ஆராய்ச்சி. ஐஸ்பெட்டியில் இருந்தவை அதற்காகத் தெருத் தெருவாகச் சேர்த்த சளி டப்பாக்கள். மேட்டுத் தெரு வசதியான தெரு. அங்கே யாருக்கும் காசநோய் வராது. 'அலர்ஜி' மட்டும்தான் வரும். வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாகவே கிடந்தது.

பேருந்து வருவதற்குள் அவன் முகத்தில் ஒரு முகக்கவசமும் கையில் மூடி போட்ட ஒரு டப்பாவும் ஏறியிருந்தன. "செவ்வாய்க்கிழமை காலையில கொண்டு வாங்க. நல்லா ஆழத்துலேருந்து வரணும்..." இதயத்திலிருந்தே கொடுக்க அவன் தயாராக இருந்தான்.

கிருமி இருந்தது. ஆறு மாத மாத்திரை, குணமாகிறதா என்று பார்க்கச் செவ்வாய்தோறும் ஒரு டப்பா சளி. அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது... அவனுக்கு அதிலேயே பாதி குணமாகிவிட்டது.

வீட்டாரையும் சோதிக்க வேண்டும் என்று வந்தவளை அப்பா மறித்தார். அப்பா பெரிய சொற்பொழிவாளர். பேசுமுன் கம்பீரமாகத் தொண்டையைச் செருமுவார். ஒரு வருடமாக அந்தச் செருமல் ஓயவே இல்லை. வெளிநாட்டில் மூன்று மாதம் தங்கிக் கௌரவ டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று வாசல் பலகை சொன்னது.

"ஏம்மா, யார் வீட்டுல வந்து யாரைத் துப்பச் சொல்ற? எங்க பரம்பரையிலேயே இந்த வியாதி கிடையாது. டேய், இவ இனிமே இந்தப் படி ஏறக் கூடாது."

அவன் கலங்கி நின்றான். விட்டால் இவள் போய்விடுவாள். அதைவிட, அப்பாவே போய்விடுவார்.

"சார், உங்க பையனுக்கு வந்தது இந்த ஊர்க் கிருமி இல்ல," என்றாள் அவள். "வடக்குத் துறைமுகத்துல மட்டும்தான் இதைப் பார்த்திருக்கோம். இவர் அங்க போனதே இல்லைங்கறார். வீட்டுல வேற யாராவது..."

"நான் போனது வெளிநாடு."

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். "பட்டம் வாங்கப் போனப்ப எனக்கு ஒரு குடை வாங்கிட்டு வந்தீங்களே... அதுல வடக்குத் துறைமுகத்துக் கடை பேருதாங்க போட்டிருக்கு. சரி, வெளிநாட்டுலயும் கிளை இருக்கும்போலன்னு நானும் விட்டுட்டேன்."

பதில் சொல்ல அப்பா செருமினார். செருமல் இருமலாகி அவரை நாற்காலியில் சாய்த்தது. மூச்சு திரும்பியதும் பட்டம் வாங்கிய அதே கையை டப்பாவுக்கு நீட்டினார்.

"எவ்வளவு வேணும்மா?"

இப்போது அவரும் மாத்திரைக்காரர். கூட்டங்களில் கிருமியின் வம்சாவளி பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறார்.

சில மாதங்கள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை... அதே நிறுத்தம், அதே மழை. அவன் ஒரு கையில் அம்மாவின் குடை, மறு கையில் டப்பா.

"ஒண்ணு சொல்லணும்... எனக்கு இருமல் எப்பவோ நின்னு போச்சு. உங்களைப் பார்க்கத்தான் செவ்வாய்க்கிழமை மட்டும் வரவழைச்சு இருமறேன்."

"தெரியும். ரெண்டு மாசமா நீங்க கொண்டு வர்றது வெறும் எச்சில்."

"அப்புறம் ஏன் வாங்கிக்கிட்டீங்க?"

அவள் ஐஸ்பெட்டியைக் கீழே வைத்தாள். குடைக்குள் வந்தாள். முதல் தடவையாக அவன் நெஞ்சை விட்டுக் கண்களைப் பார்த்தாள்...

"அடுத்த செவ்வாயும் வாங்க," என்றாள். "டப்பா வேண்டாம்."