ஐந்நூறு ரூபாய் புதுநடை

“வருபவர் நிதர்சன், வயது நாற்பத்தெட்டு. மொய்ப் பாக்கி ஒன்று. ஐம்பதாயிரம் ரூபாய். பதினெட்டு ஆண்டுகளாகத் தீர்க்கவில்லை” என்று கல்யாண மண்டபத்தின் வாசல் தேன் குரலில் சொன்னது.

மகள் மகிழ்நிலாவின் கல்யாணத்துக்கு மண்டபம் பதிவு செய்ய வந்திருந்தார் நிதர்சன். பக்கத்தில் சம்பந்தியாகப் போகிற வெளியூர்க்காரர் பிரணவ் நின்றிருந்தார். நிதர்சனுக்குக் காது மடல்கூடச் சுட்டது.

வாசற்சொல்லி வந்து இரண்டு வருடமாகிறது. கடை, வங்கி, மண்டபம் எதுவானாலும், நுழைகிறவரின் முகத்தைப் பார்த்து, அவருடைய கடன்களைப் பட்டியலிடும் நாணய அறிக்கையில் சிவப்பாக நிற்கும் வரியை உரக்கப் படிக்கும். கோர்ட் வசூலிக்காத கடனை வெட்கம் வசூலித்துவிடும் என்று கண்டுபிடித்தவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்கு தப்பவில்லை. வங்கிக் கடனோடு நிறுத்தியிருந்தால் நிதர்சனின் ஊரான பேராவூரணியில் எல்லோரும் பிழைத்திருப்பார்கள். அங்கே விசேஷ வீட்டில் ஒருவர் எழுதும் மொய்யை, அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பியாக வேண்டும். திருப்பும்போது மேலே கொஞ்சம் சேர்த்து எழுதுவது புதுநடை. அந்த மேல்தொகையைத் திருப்ப, அதை வாங்கியவர் மறுபடி வருவார். பழைய மொய் நோட்டுகளையெல்லாம் படமெடுத்து அதையும் அறிக்கையில் ஏற்றிவிட்டார்கள், புண்ணியவான்கள்.

ஒரே வருடத்தில் ஊரே பைசா சுத்தமாகப் பாக்கியைத் தீர்த்தது. புதுநடை எழுதினால் வாங்குகிறவர் பெயர் சிவக்கும் என்பதால் அதையும் விட்டுவிட்டார்கள். நிதர்சனும் எல்லோருக்கும் தீர்த்தார், துவாரகேஷ் ஒருவனைத் தவிர. பணம் இல்லாமல் இல்லை, அவன் முகத்தில் விழிக்க முடியவில்லை.

“பாக்கி உள்ளவங்க பேர்ல மண்டபம் எழுத முடியாதுங்க சார்” என்றார் மேலாளர்.

பிரணவ் அவர் தோளைத் தட்டினார். “இதுக்குப் போயி ஏன் சம்பந்தி தலையைத் தொங்கப் போடுறீங்க? என் பேருல அறுபத்திரண்டு பாக்கி. உள்ள வரும்போது கேக்கலையா? அது பாட்டுக்குக் கத்திட்டுக் கெடக்கட்டும்.”

ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் அவருடைய அறுபத்திரண்டும் அடுத்தடுத்த விசேஷங்களுக்குக் காத்திருப்பவை. நிதர்சனுடைய ஒன்று அப்படியல்ல. மகிழ்நிலாவின் காதுகுத்துக்கு துவாரகேஷ் ஐம்பதாயிரம் எழுதினான். மூன்று வருடம் கழித்து அவன் வீட்டில் விசேஷம் வந்தபோது நிதர்சன் வேலை போய் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டு, முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, கொல்லை வழியாக உள்ளே போய்க் கிடந்தார். மத்தியானம் துவாரகேஷ் தூக்குவாளியில் ரசம் சாதத்தோடு வந்து, பூட்டைப் பார்த்த பிறகும் கதவைத் தட்டினான். நிதர்சன் மூச்சுக்கூட விடவில்லை. வாசலில் வாளியை வைத்துவிட்டுப் போனான். அன்றைக்குப் பிறகு அவனைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை துவாரகேஷின் தேங்காய் மண்டிக்குப் போனார். வாசல் சொல்ல வேண்டியதை எல்லார் முன்னாலும் சொன்னது. மட்டை உரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“வா மாப்ள” என்றான் துவாரகேஷ். “காய்ச்சல் விட்டுருச்சா?”

நிதர்சன் உட்காராமலே சொன்னார். “அன்னைக்கு நான் உள்ளதான்டா இருந்தேன்.”

“தெரியும். செருப்பு வெளிய கெடந்துச்சு.”

பதினெட்டு வருடமாக ஒளித்து வைத்ததை அவன் அன்றைக்கே அறிந்திருக்கிறான். ஊரில் ஒருவரிடமும் சொல்லாமலும் இருந்திருக்கிறான். நிதர்சன் பணத்தை அனுப்பக் கைபேசியை நீட்டினார்.

துவாரகேஷ் அதைத் தன் கையால் மறைத்தான். “ஐம்பதாயிரத்து ஐந்நூறா போடு.”

“ஐந்நூறு எதுக்கு?”

“புதுநடைடா. என் பேருல ஏறட்டும். புள்ள கல்யாணத்துக்கு வந்து திருப்புறேன்.”

“நாளைக்கே உன் வாசல் கத்தும்.”

“கத்தட்டுமே. எனக்கு என்ன?”

“வேணாம்டா. என்னால நீ பட்டது போதும்.” நிதர்சன் சரியாக ஐம்பதாயிரத்தை அழுத்தினார். இன்னும் ஒரு நிமிடம் அங்கே நின்றால் காலில் விழுந்துவிடுவோம் என்று பயந்து, தந்த காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார். போகிற வழியில் ஒரு கடைக்குள் நுழைந்து பார்த்தார்; வாசல் வாயே திறக்கவில்லை. அந்த அமைதியில் அவர் வீடு வரை நிமிர்ந்து நடந்தார்.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் இருநூறு பேர் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவர் பாக்கியையும் வாசல் அர்ச்சனை மாதிரி படித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் போட்டிருந்த முந்நூறு நாற்காலிகளில் பதினோரு பேர் இருந்தார்கள். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. நிதர்சன் துவாரகேஷைப் போனில் கூப்பிட்டார்.

“கிளம்பிட்டியா?”

“எப்படிடா வர்றது? வந்தா மொய் எழுதணும். எழுதினா உன் பேரு திரும்பச் சிவக்கும். நீ எவ்வளவு பட்டன்னு அன்னைக்குப் பாத்தேன்ல? ஊரு சனமும் இதைத்தான் பேசிக்கிறாங்க. புள்ளையப் பெத்தவன் பேரைக் கெடுக்க வேணாம்னு.”

“மொய் வேணாம். சும்மா வாடா.”

“சும்மாவா? வெறுங்கையோட வந்து இலையில உக்காரச் சொல்றியா? என்னை என்னன்னு நெனச்ச?” பிறகு, “புள்ள நல்லா இருக்கட்டும் மாப்ள” என்று போனை வைத்துவிட்டான்.

மணமேடையில் மகிழ்நிலா தலையைக் குனிந்திருந்தாள். வெட்கத்தில் குனிகிற குனிவு அல்ல அது என்று பெற்றவருக்குத் தெரிந்தது. காலி நாற்காலிகளை அவள் எண்ணிப் பார்த்திருப்பாள்.

பிரணவ் அருகில் வந்தார். தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நூறு பேர், குழந்தை குட்டிகளோடு, எழுந்து வந்து பெண் வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஓர் அம்மாள் மேடையைப் பார்த்து, “எங்க புள்ளைக்குப் பூ சரியா வெக்கலையே!” என்று உரிமையோடு சத்தம் போட்டாள். மகிழ்நிலா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“சம்பந்தி, இதுக்கு நான்...” என்று நிதர்சன் ஆரம்பித்தார்.

“போயி புள்ள பக்கத்துல நில்லுங்க” என்றார் பிரணவ்.

மேடைக்கு நடக்கும்போது நிதர்சனுக்கு முதலில் தோன்றியது, நல்லவேளை, இந்தக் கடனை எந்த வாசலும் வெளியே சொல்லாது என்பதுதான். அப்படித் தோன்றியதற்காக, மகள் கையைப் பிடித்துக் கொடுக்கும்போதுகூட அவரால் பிரணவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.